காலா கோடாவிலிருந்து மஸ்ஜித் பந்தர் வரை: மும்பையின் யூதத் தடங்களில் ஒரு நடை

மும்பையில் 'யூத மரபு நடை' என்ற பெயரில் வழிகாட்டிகள் நடத்தும் சுற்றுகளைப் பற்றி நான் விசாரித்தபோது, அவற்றுள் பல தென் மும்பையின் ஃபோர்ட் பகுதியில் உள்ள காலா கோடாவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன என்று தெரிந்தது. ஒரு நூலகம், ஒரு சிலை, யூதர்கள் தொழும் ஒரு ஜெப ஆலயம், நடுவில் ஒரு தேநீர். இரண்டு மணி நேரத்தில் ஆளை விட்டுவிடுவார்கள். அந்த நடையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது காட்டுவது இந்நகரத்து யூதர்களின் வரலாற்றை அல்ல, சாசூன் என்ற ஒரு செல்வக் குடும்பத்தின் கொடைகளை. எனவே பணம் கட்டுவதற்கு முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மஸ்ஜித் பந்தர் பக்கம் போவீர்களா?' என்பதே. நெரிசலான அந்தச் சந்தை வட்டாரத்தில்தான் மும்பையின் முதல் ஜெப ஆலயம் இருக்கிறது. 'அங்கே கூட்டம் அதிகம், நடக்க முடியாது' என்று பதில் வந்தால் வேறு ஒருவரைத் தேடுவது நல்லது. நாங்கள் சென்ற நடையை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்தினார். அவரே பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால், கேட்ட கேள்விக்கெல்லாம் புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்காமல் தம் வீட்டில் நடப்பதைச் சொன்னார்.

நடக்கத் தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். மும்பையில் யூதர்கள் என்பது ஒரே சமூகம் அல்ல. பெனே இஸ்ரேலர்கள் கொங்கணக் கடற்கரைக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள், மராத்தி பேசுபவர்கள். அலிபாகுக்கு அருகே நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள் என்றும், தாங்கள் அவர்களின் வழித்தோன்றல்கள் என்றும் அவர்களுடைய மரபுக் கதை சொல்கிறது. கிராமங்களில் செக்கில் எண்ணெய் ஆட்டுவதே தொழிலாக இருந்தது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஊரார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். திவே ஊர்க்காரர் திவேகர், பேண் ஊர்க்காரர் பேண்கர், சேவுல் ஊர்க்காரர் சேவுல்கர் என்று மராட்டியரைப் போலவே ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பழைய இந்திப் படங்களில் அன்பான பெரியவராக வந்து மனத்தில் நின்ற டேவிட் என்ற நடிகரின் முழுப்பெயர் டேவிட் ஆபிரகாம் சேவுல்கர் என்று வழிகாட்டி சொன்னபோது எங்கள் குழுவில் பாதிப் பேர் வியந்துபோனார்கள்.

மற்றொரு சமூகம் பாக்தாதிகள். பாக்தாத், பஸ்ரா, அலெப்போ முதலிய நகரங்களிலிருந்து வணிகத்துக்காகவும், ஆட்சியாளர்களின் கொடுமைக்குத் தப்பியும் வந்தவர்கள், அரபு பேசியவர்கள். அவர்களுள் தலையாயவர் டேவிட் சாசூன். 1792-இல் பாக்தாதில் பிறந்த அவர், அங்கிருந்து தப்பிப் பாரசீகத் துறைமுகமான பூஷேர் வழியாக 1830-களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். காலா கோடாவில் நாம் காண்பவை பெரும்பாலும் அவருடைய பெயராலும் அவருடைய மக்கள், பேரர்களின் பணத்தாலும் எழுந்தவை.

அந்த இடத்துக்குக் காலா கோடா, அதாவது கருப்புக் குதிரை, என்று பெயர் வரக் காரணமான சிலையும் அக்குடும்பம் கொடுத்ததுதான். வேல்ஸ் இளவரசர் எட்வர்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் உருவத்தை டேவிடின் மூத்த மகன் ஆல்பர்ட் சாசூன் செய்வித்தார். அது 1879-இல் திறந்துவைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1965-இல், அதை அகற்றி பைகுல்லா மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே நிற்கும் குதிரை 2017-இல் வைத்தது. அதன்மேல் ஆள் இல்லை. பழைய சிலையை எதிர்பார்த்து வருபவர்கள் பைகுல்லாவுக்குத்தான் போக வேண்டும்.

எதிரில் டேவிட் சாசூன் நூலகம். மலாடு பகுதியின் மஞ்சள் கல்லில் கட்டி 1870-இல் முடித்தது. உள்ளே நுழைந்ததும் டேவிட் சாசூனின் வெண்பளிங்குச் சிலை, நீண்ட அங்கியும் தலைப்பாகையுமாக நிற்கிறது. அவருடைய பிள்ளைகள் சிலர் பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறி அந்நாட்டு உடைக்கு மாறினாலும், தந்தை கடைசிவரை பாக்தாத் உடையை விடவில்லை. நூலகத்தின் உட்பகுதி உறுப்பினர்களுக்கானது என்பதால், வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால்தான் மேலே போக விடுவார்கள். பின்புறத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஃபோர்ட் பகுதியின் இரைச்சலுக்கு நடுவே அப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் வழிகாட்டிகள் பலர் நழுவிவிடும் விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பருத்தியும் துணியும் மட்டும் அல்ல. சீனாவுக்கு அனுப்பிய அபினும் சாசூன் குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதிக்குக் காரணம். அன்றைய பம்பாயில் பார்சி, குஜராத்தி வணிகர்கள் பலரும் அதே தொழிலில் இருந்தார்கள். எனவே இதை யூதர்களுக்கு மட்டும் உரிய பழியாகச் சொல்வது அநியாயம். ஆனால் கொடையைப் புகழ்ந்துவிட்டுப் பணத்தின் மூலத்தை மறைப்பதும் சரியல்ல. எங்கள் வழிகாட்டி கேட்காமலேயே இதைச் சொன்னார். அவர் இதைச் சொன்ன பிறகுதான், மற்றவற்றையும் ஒளிக்காமல் சொல்வார் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

நூலகத்திலிருந்து சில நிமிட நடையில் கெனெசெத் எலியாகு ஜெப ஆலயம். டேவிட் சாசூனின் மகன் எலியாஸ் டேவிட் சாசூனின் நினைவாக அவருடைய மகன் ஜேக்கப்பும் சகோதரர்களும் 1884-இல் கட்டியது. நீலமும் வெள்ளையுமான முகப்பு தூரத்திலேயே தெரியும். கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் பொறுப்பில் நடந்த புதுப்பிப்புப் பணி 2019-இல் முடிந்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்புப் பரிசுகளிலும் இதற்கு இடம் கிடைத்தது. வாசலில் காவலர்கள் பையைச் சோதித்து, அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிய பிறகே உள்ளே விட்டார்கள். 2008 நவம்பர் 26 தாக்குதலில் கொலாபாவின் நரிமன் ஹவுஸில் இருந்த யூத மையமும் இலக்காகி, அதை நடத்திய இளம் ரபியும் (யூத மதகுரு) அவருடைய மனைவியும் உள்ளிட்டோர் கொல்லப்பட்டதற்குப் பின் இந்தக் கெடுபிடி தவிர்க்க முடியாதது. எங்கள் குழுவில் ஒருவர் அட்டையை விடுதியில் வைத்துவிட்டு வந்திருந்தார். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டியும் பயன் இல்லாமல், நாங்கள் பார்த்து முடிக்கும்வரை அவர் வெளியே நின்றார். அசல் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் கடவுச்சீட்டையே கொண்டுவர வேண்டும்.

வழிபாட்டு மண்டபம் மேல்தளத்தில் இருக்கிறது. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வாசலிலேயே சிறு தொப்பிகள் வைத்திருக்கிறார்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாலும் போதும். நம் கோயில் வழக்கப்படி எங்களில் சிலர் செருப்பைக் கழற்றப் போனோம்; இங்கே அது தேவையில்லை என்றார்கள். நடுவில் வேதம் வாசிக்கும் மேடை. அந்த வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை எருசலேமை நோக்கிய சுவரில். எருசலேம் நமக்கு மேற்கே இருப்பதால், ஐரோப்பியர் கிழக்கு நோக்கித் தொழும்போது இந்திய யூதர்கள் மேற்கு நோக்கித் தொழுகிறார்கள். பெண்கள் அமர மாடம் தனியே உண்டு. வண்ணக் கண்ணாடிகளையும் தரை ஓடுகளையும் மட்டும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், சுவரில் பதித்திருக்கும் நினைவுக் கற்களைப் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். யார் எதைக் கொடுத்தார்கள், யாருடைய நினைவாகக் கொடுத்தார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் கிளைகள் முழுவதும் தெரிந்துவிடுகின்றன.

அடுத்த பகுதிக்குத்தான் நல்ல செருப்பு வேண்டும். சத்ரபதி சிவாஜி முனையத்தில் ஸ்லோ லோக்கல் ஏறினால் அடுத்த நிலையமே மஸ்ஜித். காலை நெரிசல் ஓய்ந்த பிறகு, பதினொரு மணி வாக்கில் போனால் குழுவாக ஏறி இறங்க முடியும். இறங்கியதும் மண்டபம்போல் விரிந்த ஃபோர்ட் சாலைகள் எல்லாம் மறந்துபோகும்: கைவண்டிகள், தலைச்சுமைக்காரர்கள், முந்திரி, உலர்திராட்சை, மிளகாய் மூட்டைகள். முன்னால் போகும் வழிகாட்டியின் குடையைக் கண்ணிலிருந்து விடாமல் நடக்க வேண்டியிருந்தது. இத்தெருக்களில் ஒன்றான சாமுவேல் தெருவில், கடைகளுக்கு நடுவே, நாமாகப் போனால் கண்டுபிடிக்கவே முடியாத ஓர் இடத்தில் இருக்கிறது ஷார் ஹராஹமீம், 'இரக்கத்தின் வாசல்'. மும்பையின் முதல் ஜெப ஆலயம் இதுவே. 1796-இல் நிறுவப்பட்டு, 1860-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது.

இதைக் கட்டியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த பெனே இஸ்ரேலர். மைசூர்ப் போரில் சிறைப்பட்ட அவரைத் திப்பு சுல்தானின் முன் நிறுத்தியபோது, 'நீ எந்தச் சாதி?' என்ற கேள்விக்கு 'பெனே இஸ்ரேல்' என்று சொன்னாராம். இஸ்ரவேலின் மக்களைக் குர்ஆனில் மதிப்போடு சொல்லியிருக்கிறதே என்று திப்புவின் தாய் இடைமறித்ததால் உயிர் பிழைத்தாராம். தப்பித்து ஊர் திரும்பியதும், நேர்ந்துகொண்டபடி ஆலயம் எழுப்பினார் என்று சமூகத்தார் சொல்கிறார்கள். தாயின் பேச்சு வழிவழிக் கதை என்றாலும் மனிதர் வரலாற்றில் இருந்தவர். 1797-இல் கொச்சியில் இறந்தார். புதிய ஆலயத்துக்குத் தோரா சுருள்கள் வாங்கத்தான் அங்கே போனார் என்பது மரபு. பெனே இஸ்ரேலர்கள் தங்கள் ஆலயத்தையும் அன்று மஸ்ஜித் என்றே சொன்னார்கள். இது 'ஜுனி மஸ்ஜித்', பழையது. பக்கத்து இஸ்ரேல் மொகல்லாவில் பின்னர் வந்த ஷாரே ராசோன் 'நவி மஸ்ஜித்', புதியது. ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததும் இந்த ஜுனி மஸ்ஜிதிலிருந்துதான் என்பது இங்கே பரவலாகச் சொல்லப்படுகிறது.

உள்ளே ஃபோர்ட்டில் கண்ட பகட்டு கிடையாது. மர பெஞ்சுகள், கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள், சுவரில் எபிரேயத்திலும் மராத்தியிலும் எழுதிய பெயர்ப் பலகைகள். ஒரு பக்கமாக உயரமான மர நாற்காலி ஒன்று யாரும் அமராமல் இருந்தது. எலியா தீர்க்கதரிசிக்கு உரிய ஆசனம் அது. ஆண் குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யும்போது, குழந்தையை முதலில் அதில்தான் வைப்பார்களாம். பெனே இஸ்ரேலர்களுக்கு எலியாவிடம் தனிப் பற்று உண்டு. வேண்டுதல் நிறைவேறினாலும், புதுவீடு புகுந்தாலும், திருமணம் நடந்தாலும் அவர் பெயரால் 'மலிதா' செய்கிறார்கள்: ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவலும் வெல்லமும் ஏலக்காயும் கலந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, பாட்டுப் பாடிப் பகிர்ந்து உண்பது. வழிகாட்டி ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்ததை வெளித்தாழ்வாரத்தில் எங்களுக்குக் கொடுத்தார். கிருஷ்ண ஜெயந்திக்கு எங்கள் வீட்டில் செய்யும் வெல்ல அவலுக்கும் அதற்கும் ருசியில் வேறுபாடு காண எனக்குத் தெரியவில்லை.

இங்கே எங்களுடன் வந்த ஓர் இளைஞர், 'நீங்கள் எல்லாரும் ஏன் இன்னும் இஸ்ரேல் போகவில்லை?' என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. ஆனால் ஒருவரைப் பார்த்து 'உன் ஊருக்கு ஏன் போகவில்லை?' என்று கேட்பதற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. வழிகாட்டி கோபப்படவில்லை. 'என் அண்ணன் போனார், சித்தி போனார். நான் போகவில்லை. எனக்குப் பென்ஷன் இங்கேதான் வருகிறது' என்று சிரித்துவிட்டு, விஷயத்தையும் விளக்கினார். இஸ்ரேல் நாடு உருவான 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் அங்கே புறப்பட்டுப் போனார்கள். ஆனால் அங்கே 1960-களின் தொடக்கத்தில், திருமணம் செய்துகொள்ள விரும்பிய பெனே இஸ்ரேலர்களின் பூர்வீகத்தைத் தோண்டித் துருவ வேண்டும் என்று தலைமை ரபிகள் அவை உத்தரவிட்டது. போராட்டங்கள் நடந்து, 1964-இல்தான் அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அரசு தரப்பில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் இன்று சில ஆயிரம் பேர். பெரும்பாலோர் மும்பையிலும் தானேயிலும். 2016-இல் மகாராஷ்டிர அரசு அவர்களை மதச் சிறுபான்மையினராக அறிவித்தது. இந்த வரலாறு நமக்கு வேண்டியதுதான். அதைக் கேட்க 'உங்கள் குடும்பம் எந்த ஊர்?' என்று தொடங்கினால் போதும். குடும்பப் பெயரிலிருந்து கிராமம், கிராமத்திலிருந்து தொழில், தொழிலிலிருந்து யார் எங்கே போனார்கள் என்பது வரை தானாக வந்துவிடும்.

பூர்வீகத்தைச் சந்தேகிக்கும் அந்த வேலையை மும்பையிலேயே பாக்தாதிகள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே செய்துவிட்டார்கள் என்பதையும் அவர் சொன்னார். 1836-இல் டேவிட் சாசூன் உள்ளிட்ட பாக்தாதிகள், யூதக் கல்லறையில் தங்களையும் பெனே இஸ்ரேலரையும் பிரிக்கச் சுவர் எழுப்ப வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்தார்கள். சாதி என்பது இந்த மண்ணுக்கு வந்தவர்களையும் பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னேன். 'அவர்கள் பாக்தாதிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம்' என்றார் அவர். பாக்தாதிகள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிந்துபோனபின், கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்களுக்கு இன்று அவர்களின் ஆலயங்கள் பெனே இஸ்ரேலரையே நம்பியிருக்கின்றன. காலா கோடாவோடு நடையை முடித்துக்கொள்பவர்களுக்கு இந்தச் செய்தி கிடைக்காது.

பைகுல்லாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஸ்ஜிதிலிருந்து இரண்டாவது நிலையம். தூண்கள் தாங்கும் முகப்பும் மணிக்கூண்டும் கொண்ட மாகேன் டேவிட் ஆலயத்தை டேவிட் சாசூன் 1860-களின் தொடக்கத்தில் கட்டினார்; பின்னர் பேரன் ஜேக்கப் விரிவுபடுத்தினார். அதே வளாகத்தில் சாசூன் பெயர் தாங்கிய பள்ளி. இன்று அதில் படிப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுப்புறத்து முஸ்லிம் பிள்ளைகள். பள்ளி விடும் நேரத்தில் போனால் ஆலய வாசலில் அவர்களின் விளையாட்டைப் பார்க்கலாம். அமைதியாகப் பார்க்க விரும்பினால் அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். டேவிட் சாசூன் வாழ்ந்த மாளிகையும் பைகுல்லாவில்தான்; இப்போது மசீனா மருத்துவமனை. நோயாளிகள் இருக்கும் இடம் என்பதால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே முறை.

நாள் தேர்வில் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை இரவு வரை சபாத் என்ற ஓய்வுநாள்; பார்வையாளர்களுக்கு இடம் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, பாவ நிவாரண நாள், கூடாரத் திருநாள் என்று அடுத்தடுத்துப் பண்டிகைகள் வருவதால், அந்த மாதங்களில் வருபவர்கள் தேதியை உறுதிசெய்துகொண்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். ஞாயிறு ஃபோர்ட்டுக்கு நல்லது, மஸ்ஜித் பந்தருக்கு அல்ல. கடைகள் மூடிய தெருவில் நடப்பது எளிது என்றாலும் அந்த வட்டாரத்தின் உயிர் அன்று இருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு வியாழக்கிழமை வாய்த்தால் அதையே நான் சொல்வேன். படம் எடுக்கக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்; கட்டணம் கேட்காத ஆலயத்தில் உண்டியலில் அதே அளவு போடுங்கள். ஆட்கள் குறைந்துபோன சமூகம் இவ்வளவு பெரிய கட்டடங்களைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. கழிவறைக்கு ஃபோர்ட்டிலேயே போய்விட வேண்டும். மஸ்ஜித் பக்கம், குறிப்பாகப் பெண்களுக்கு, வசதி அரிது.

நேரம் இருப்பவர்கள் மறுநாள் கேட்வே ஆஃப் இந்தியா அருகிலிருந்து படகில் மாண்ட்வா போய், அங்கிருந்து பேருந்தில் அலிபாக் செல்லலாம். அலிபாகிலும் மாகேன் ஆவோத் என்ற பழைய ஜெப ஆலயம் உண்டு; நவ்காவில் கப்பல் உடைந்து இறந்தவர்களைப் புதைத்ததாகச் சொல்லும் இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் படகுகள் ஓடுவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருபவர்கள் பன்வெல், பேண் வழியாகச் சாலையில் போகலாம்.